விழிப்புலனற்றோரும் இணையப் பாடமும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே கல்வியை நாற்பதாம் அதிகாரமாகவும், கல்லாமையை அதற்கடுத்ததாகவும், கேள்வியை நாற்பத்திரண்டாம் அதிகாரமாகவும் வைத்தார். நூல்களைக் கற்றுப் பெறும் அறிவைச் சொல்லியபின், கற்றோர் வாய்ச்சொல்லைக் கேட்டுப் பெறும் அறிவுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தமை கருதத்தக்கது. அச்சுநூல் பரவாத காலத்தில் நம்மவரிற் பெரும்பாலார் பெற்ற கல்வி கேள்விக் கல்வியே. கோயில்களில் நடைபெற்ற புராணபடனம் அவ்வகையது. சபரகமுவையின் இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் எழுத்தறியாத மூத்தோர் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் மனப்பாடமாய்ப் பாடினர் என்றால், அதுவும் செவிவழி வந்த செல்வமேயாகும்.

செவிவழிக் கல்வி, விழிப்புலனற்றோர்க்கும் புலமையின் வாயிலைத் திறந்து வைத்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே தொண்டைநாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். முதுகிலே எழுத்துகளை எழுதிக் காட்ட அவர் எழுத்தறிந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. சேயூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றிய அப்புலவர் ஈழத்துக்கும் வந்து பரராசசேகர மன்னனாற் சிறப்பிக்கப்பட்டார் என்றும் கூறுவர். கண்ணுக்கு எட்டாத எழுத்தை அவருக்குக் கற்பித்தவர் வேறொரு புலனுக்கு எட்டச் செய்தார். அப்பணி இக்காலத்து ஆசிரியராகிய நமக்கும் உரியது, கருவிகளே மாறியுள்ளன.

இன்று பாடம் கரும்பலகையைக் கடந்து கணினித் திரைக்கும் கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. இணையப் பக்கத்தினுள்ளே காணொளி, ஒலிப்பதிவு, அசையும் படம் என்பன பதிக்கப்பெறுகின்றன. இவற்றைப் பல்லூடகம் என்பர். அவ்வாறு பதிக்கப்பெற்ற பல்லூடகம் விழிப்புலனற்ற மாணாக்கரை எங்ஙனம் சென்றடைகின்றது, எவ்விடத்தில் தடைப்படுகின்றது, அத்தடையை நீக்க ஆசிரியரும் பழைய மாணவரும் செய்யத்தக்கது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

திரைவாசிப்பான்

திரைவாசிப்பான் என்பது ஒரு மென்பொருள். கணினி திரையிலே காட்டும் எழுத்தை அது வாங்கிச் செயற்கைக் குரலாக ஒலிக்கும். பிறெயில் காட்டும் கருவியை இணைத்தால், அவ்வெழுத்தே விரல் நுனிக்குப் புள்ளிகளாய் எழும். பிரான்சு நாட்டினரான லூயி பிறெயில் 1829இல் வெளியிட்ட ஆறுபுள்ளி முறை உலகெங்கும் பரவியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிறெயில் 1951இல் ஏற்படுத்தப்பட்டது. தாளில் நிலையாகப் பதிந்திருந்த அப்புள்ளிகள் கணினிக் காலத்தில் ஊசிமுனைகளாய் எழவும் அடங்கவும் கற்றுக்கொண்டன.

அமெரிக்கரான ரெட் ஹென்ரர் மோட்டார்ச் சைக்கிள் பந்தய வீரராயிருந்தவர். 1978இல் நேர்ந்த விபத்தொன்றில் கண்பார்வையை இழந்தார். அவர் கூட்டாக நிறுவிய நிறுவனம் 1989இல் ஜோஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. அது சிறந்த கருவியாயினும் விலை மிகுந்தது. 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் இளைஞர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் ரே அவருடன் சேர்ந்தார். இருவரும் விழிப்புலனற்றவர்கள். அவர்கள் அதனை விலையின்றி வழங்கினர். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் குரற்பொறி தமிழையும் வாசிக்கும். அக்குரல் இயந்திரத்தன்மை உடையதேயாயினும், பழகிய செவி அதனை விரைவில் விளங்கிக்கொள்ளும். அன்ட்ரொயிட் கைப்பேசிகளில் டோக்பாக் என்னும் வாசிப்பானும், 2009 முதல் ஐபோனில் வொய்ஸ்ஓவர் என்னும் வாசிப்பானும் கிடைக்கின்றன. எனவே வாசிக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அது வாசிக்கத்தக்கதாகப் பாடம் அமைந்திருக்கின்றதா என்பதே வினா.

வகை, பெயர், நிலை

திரைவாசிப்பான் நம்மைப்போலத் திரையைப் பார்ப்பதில்லை. இணையப் பக்கத்தைத் திறக்கும் உலாவியானது, அப்பக்கத்தின் உறுப்புகளை மரம்போலக் கிளைபட வகுத்து, அம்மரத்தைத் திரைவாசிப்பானிடம் ஒப்படைக்கின்றது. தலைப்பு ஒரு கிளை. பத்தி ஒரு கிளை. பொத்தான், இணைப்பு, படம் என்பன இலைகள். பொத்தான் போன்ற ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று செய்திகள் வேண்டும். அஃது என்ன வகையினது என்பது ஒன்று. அதன் பெயர் யாது என்பது ஒன்று. இப்பொழுது எந்நிலையில் உள்ளது என்பது ஒன்று. “பொத்தான், ஒலியை அடக்கு, அழுத்தப்பட்டுள்ளது” என்று வாசிப்பான் கூறுமாயின், கேட்பவருக்கு யாவும் விளங்கும். இலக்கணம் கற்ற நமக்கு இது புதிதன்று. சொல்லின் வகையும் வடிவும் அறியாது பொருள்கொள்ள முற்படுவார் இடர்ப்படுவதுபோல, வகையும் பெயரும் நிலையும் அறியாத உறுப்பின்முன் வாசிப்பானும் இடர்ப்படும்.

பக்கத்தினுள் விரைந்து செல்வதற்கும் வழியுண்டு. என்.வி.டி.ஏ.யில் ஆங்கில ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், ‘பி’ விசையை அழுத்தினால் அடுத்த பொத்தானுக்கும், ‘எம்’ விசையை அழுத்தினால் அடுத்த சட்டகத்துக்கும் செல்லலாம். ‘ஓ’ விசை பதிக்கப்பெற்ற காணொளி, ஒலிப்பதிவு முதலிய பொருள்களிடம் கொண்டு சேர்க்கும். வாசிப்பான் இத்துணை ஏற்பாடு செய்தும் பாடம் மாணாக்கரைச் சேராமைக்குக் காரணம், பெரும்பாலும் பக்கத்தை ஆக்கியோர் விட்ட குறைகளே. வெப்எயிம் என்னும் அமெரிக்க நிறுவனம் 2024இல் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைப் பொறிவழிச் சோதித்தபோது, 95.9 வீதமானவற்றிற் குறை கண்டது. பல்லூடகத்தைப் பொறுத்தவரை அக்குறைகளை ஐந்தாக வகுத்துக் கூறலாம்.

ஐந்து தடைகள்

முதலாவது, பெயரின்மை. காணொளியை இயக்கும் பொத்தான்மீது முக்கோணம் ஒன்று வரையப்பட்டிருக்கும். நிறுத்தும் பொத்தான்மீது இரு கோடுகள் இருக்கும். இவை கண்ணுடையோர் பழக்கத்தால் அறிந்த இடுகுறிகள். உள்ளே பெயர் எழுதப்படாதவிடத்து வாசிப்பான் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும் சொல்லும். “இயக்கு”, “நிறுத்து”, “ஒலியைக் குறை” எனக் காரணப்பெயர் இட்டால் அத்தடை நீங்கும். காணொளியைத் தாங்கும் சட்டகத்துக்கும் பெயர் வேண்டும். யூடியூப் தரும் பதிப்பு நிரலை அப்படியே ஒட்டினால், ‘யூடியூப் வீடியோ பிளேயர்’ என்னும் ஆங்கிலப் பெயரே அச்சட்டகத்துக்கு அமையும். ஒரு பக்கத்தில் நான்கு பாடங்கள் இருப்பின் நான்கும் அப்பெயரே பெறும். பொதுப்பெயரை நீக்கி, “ஒன்பதாந் தரம், தமிழ், வேற்றுமை, முதற்பாடம்” எனச் சிறப்புப்பெயர் இடுதல் ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, வெளியேற வழியின்மை. விழிப்புலனற்றோர் சுட்டியைப் பயன்படுத்துவதில்லை. விசைப்பலகையே அவர்க்கு வழி. சில பக்கங்களில் காணொளிப் பெட்டிக்குள் விசைவழியே நுழையலாம், வெளியே வரமுடியாது. ‘ராப்’ விசையை எத்தனை முறை அழுத்தினும் அப்பெட்டிக்குள்ளேயே சுற்ற நேரும். பெட்டியின் கீழே வினாத்தாள் இருப்பினும், அஃது உண்டு என்பதையே மாணாக்கர் அறியார். வேறு சில பெட்டிகளில் சுட்டியால் அழுத்தினாலன்றி எதுவும் இயங்காது.

மூன்றாவது, தானே ஒலித்தல். பக்கம் திறந்தவுடன் இசையோ பேச்சோ தானாக எழுமாயின், கண்ணுடையோர்க்கு அது சிறு தொல்லை. திரைவாசிப்பானின் குரலைக் கேட்டே நடப்பவர்க்கோ அது வழியையே மறைத்துவிடும். இரு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ, ஒலியை நிறுத்தும் பொத்தான் எங்கே உள்ளது எனச் சொல்லும் குரலும் கேளாது. மூன்று விநாடிக்குமேல் ஓர் ஒலி தானே எழுமாயின் அதனை நிறுத்தவோ தணிக்கவோ வழியிருத்தல் வேண்டும் என்பது அனைத்துலக நெறி. பாடப் பக்கங்களில் ஒலி தானே எழாதிருத்தல் அதனினும் நன்று.

நான்காவது, நிலை கூறாமை. காணொளி எவ்வளவு ஓடியுள்ளது என்பதைக் காட்டும் கோட்டை வாசிப்பான் “முப்பத்தேழு” என்று மட்டும் வாசித்தால் யாது பயன்? “பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி” என்று சொன்னாலன்றி, விளங்காத பகுதியை மீண்டும் கேட்க மாணாக்கர் பின்செல்ல இயலாது. இணைய வேகம் குறைந்து காணொளி தடைப்பட்டு நிற்கும்போதும், நின்றது ஏன் என்று அவருக்குச் சொல்வாரில்லை.

ஐந்தாவது, காட்சிக்குச் சொல்லின்மை. முன்கூறிய நான்கும் பக்கத்தை அமைப்போர் கையிலுள்ளவை. இஃதொன்று முழுதும் ஆசிரியர் கையிலுள்ளது. புவியியற் பாடம் ஒன்றில் ஆசிரியர் படத்தைத் தொட்டுக்காட்டி, “இந்த ஆறு இங்கே தொடங்கி, இப்படிப் போய், இங்கே கடலில் விழுகிறது” என்கிறார் எனக் கொள்வோம். ஒலி தெளிவாகக் கேட்கும், பாடம் கேட்காது. அவரே, “களுகங்கை சிவனொளிபாத மலைப்பகுதியிலே தோன்றி, இரத்தினபுரி வழியாக ஓடி, மேற்குக் கரையில் களுத்துறையிலே கடலோடு கலக்கின்றது” என்று சொல்லியிருந்தால், கண்ணுள்ளாரும் இல்லாரும் ஒருங்கே கற்றிருப்பர். இங்கே, அங்கே, இது, அது, இப்படி என்னும் சுட்டுச்சொற்கள் கண்முன் நிற்போர்க்கே பொருள் தருவன. பதிவு செய்யும் ஆசிரியர் சுட்டுக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லப் பழகுவாராயின், பெரும்பகுதித் தடை செலவின்றியே நீங்கும். பேச்சினிடையே சொல்லமுடியாத காட்சிகளுக்குக் காட்சி விளக்கக் குரலைத் தனியே சேர்க்கலாம்.

தமிழுக்கே உரிய தடைகள்

தமிழ்ப் பாடங்களுக்கு வேறு தடைகளும் உள. இந்நாட்டிலே நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துரு வழங்கி வருகின்றது. அவ்வெழுத்துருவில் அமைந்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். ‘தமிழ்’ என்று அதில் எழுதிய சொல்லைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாய்ப் படிக்குமாயின், “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்றே படிக்கும். நம் மொழியின் பெயரே அவ்வாறு சிதைந்தொலிப்பின், அதன் பாடம் என்னாகும்? ஒருங்குறி முறையில் தமிழ் எழுத்துகள் 1991இலிருந்தே இடம்பெற்றுள்ளன. ஆயினும் வினாத்தாள்களையும் குறிப்புகளையும் இன்றும் பாமினியில் அச்சிட்டு அப்படியே இணையத்தில் ஏற்றுவோர் உளர். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

ஒருங்குறியில் எழுதினும், இப்பக்கம் தமிழ் என்னும் மொழிக்குறியைப் பக்கத்தின் நிரலில் இடுதல் வேண்டும். ஆங்கிலக் குரலுடன் இயங்கும் வாசிப்பான் தமிழைக் கண்டால், வாளா கடந்துசெல்லவும் கூடும். புத்தகப் பக்கத்தைப் படமாகப் பிடித்து ஏற்றும் வழக்கமும் அவ்வாறே இடர் தருவது. படமாகிய எழுத்து, வாசிப்பானுக்கு எழுத்தாகாது.

நெறிகள் வந்த வரலாறு

இணையப் பல்லூடகத்தின் முற்பகுதியில் பிளாஷ் என்னும் தொழில்நுட்பம் கோலோச்சியது. உலாவிக்குள் அது தனியொரு பெட்டியாக இருந்தமையால், அதனுள்ளே நிகழ்வதை வாசிப்பான்கள் முதலில் அறியமுடியவில்லை. 2002இல் வந்த ஆறாம் பதிப்பு வாசிப்பான்களோடு பேசக் கற்றது. எனினும் ஆக்குவோர் பெயரிட்டாலன்றி அப்பேச்சாற் பயனில்லை. 2014 ஒக்டோபரில் இறுதி வடிவம் பெற்ற எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு, காணொளியையும் ஒலியையும் பக்கத்தின் சொந்த உறுப்புகளாக ஆக்கியது. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31உடன் பிளாஷைக் கைவிட்டது. பூட்டிய பெட்டி போயிற்றாயினும், பெயரிடாத பழக்கம் போகவில்லை.

இணையத்துக்கு நெறி வகுக்கும் டபிள்யூ.3.சி. என்னும் அமைப்பு, இணைய உள்ளடக்க அணுகுதகைமை நெறிகளை 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. 2008இல் இரண்டாம் பதிப்பும், 2018இலும் 2023இலும் அதன் விரிவுகளும் வந்தன. புலனால் உணரத்தக்கதாய், இயக்கத்தக்கதாய், விளங்கத்தக்கதாய், பல கருவிகளிலும் நிலைக்கத்தக்கதாய் இருத்தல் என்னும் நான்கும் அவற்றின் தூண்கள். மேலே கூறிய ஐந்து தடைகளுக்கும் அந்நெறிகளில் மருந்து உண்டு.

நம் நாடும் நம் தோட்டங்களும்

இலங்கையில் விழிப்புலனற்றோர் கல்வி புதியதன்று. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடக்கிய பாடசாலை இரத்மலானையில் உள்ளது; வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலை உள்ளது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் 8.7 வீதத்தினர் ஏதேனும் ஒரு செயற்பாட்டில் இடர்ப்பாடுடையோர்; அவ்விடர்களுள் பார்வை பற்றியதே மிகுதி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாகக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்தலைத் தடுத்தது. கட்டடங்களுக்குள் செல்லும் உரிமையையும் சொல்லியது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயம் தகவல் தொடர்பு வழிகளையும் அணுகத்தக்கனவாக்குமாறு கூறுகின்றது. பாடசாலையின் வாயிற்படியிற் சாய்தளம் அமைப்பது எத்துணைக் கடமையோ, அதன் இணையப் பக்கத்தின் வாயிலைத் திறந்துவைப்பதும் அத்துணைக் கடமையாகும்.

2020 மார்ச் மாதம் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டாற் பாடசாலை நாள்கள் குறைந்தபோதும், பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தோட்டங்களில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் வீட்டில் ஒரு கைப்பேசியேனும் இருத்தல் அரிது. இருந்தாலும் மலைமறைவிலே அலைவரிசை தேயும். இவ்விடரோடு கண்ணொளி இல்லாமையும் சேர்ந்த ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போமாக. ஆசிரியர் அனுப்பிய இணைப்பை அவள் திறக்கின்றாள். “சட்டகம்” என்கிறது கருவி. அடுத்தது “பொத்தான்”. அதனை அழுத்தினால் முழுத்திரை வந்ததோ, ஒலி அடங்கிற்றோ, அறியாள். பக்கத்து லயத்துப் பிள்ளை வந்து அழுத்திக் கொடுக்கும்வரை அவள் பாடம் காத்திருக்கும். கற்கும் ஆற்றலில் அவளுக்குக் குறையில்லை; பொத்தானுக்குப் பெயரில்லாமையே குறை.

ஈண்டு ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் நன்று. விநாடிக்கு 500 கிலோபிற்று அளவில் வரும் காணொளி, ஒரு மணி நேரத்துக்கு 225 மெகாபைற்று ஆகும். அப்பாடத்தின் ஒலியை மட்டும் விநாடிக்கு 32 கிலோபிற்று அளவில் அனுப்பினால் ஏறத்தாழ 14 மெகாபைற்றே ஆகும். பேச்சு முழுவதையும் ஒருங்குறித் தமிழில் எழுதினால், ஒரு மெகாபைற்றின் சிறு பங்கே போதும். ஆகவே விழிப்புலனற்ற மாணவிக்காக ஆயத்தஞ்செய்யும் ஒலிப்பதிவும் எழுத்துப்படியும், பணங்கொடுத்து வாங்கிய இணையத்தரவை அளந்து செலவிடும் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் உதவுவனவாம். எழுத்துப்படி செவிப்புலனற்ற மாணாக்கர்க்கும் பயன்படும்; பிறெயில் காட்டியில் விரலாலும் படிக்கப்படும்.

செய்யத்தக்கன

எந்தப் பாடப் பக்கத்தையும் ஆக்கியவரே சோதிக்கலாம். கணினியிலாயின் சுட்டியை ஒதுக்கி வைத்து, என்.வி.டி.ஏ.யை இயக்கி, திரையின் ஒளியை அணைத்துவிடுக. விசைப்பலகையை மட்டும் கொண்டு பாடத்தைத் தேடிச்சென்று, இயக்கி, இடையில் நிறுத்தி, ஒரு நிமிடம் பின்சென்று, மீண்டும் கேட்டு, வெளியேறி, அதன் கீழுள்ள வினாவை அடைக. இச்செயல்களுள் எதில் இடறுகின்றோமோ அங்கேதான் நம் மாணாக்கரும் இடறுவர். பின்னர் பாடத்தைக் கண்மூடிக் கேட்டு, ‘இங்கே’, ‘இப்படி’ என வருமிடந்தோறும் குறித்துக்கொள்க. அடுத்த பதிவில் அவ்விடங்களிற் பெயர்களை இடுக.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் கணினித் துறையில் உள்ளோர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் பலராவர். விழாக்காலத்தில் அவர்கள் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று வினவுவதுண்டு. மூன்று பணிகளை இங்கே முன்வைக்கலாம். கல்லூரியின் இணையப் பக்கத்தையும் அதிற் பதிக்கப்பெறும் காணொளிகளையும் மேற்கூறியவாறு சோதித்துத் திருத்துதல் ஒன்று. பாமினியிற் கிடக்கும் பழைய வினாத்தாள்களையும் குறிப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றித் தருதல் இரண்டாவது. கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஒரு கணினியிலேனும் தமிழ்க்குரலுடன் திரைவாசிப்பானை நிறுவி, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருநாட் பயிற்சி அளித்தல் மூன்றாவது. மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றமையால், இவற்றுக்கு வேண்டுவது பெரும்பாலும் நேரமும் பொறுமையுமே.

இம்மலருக்கும் இது பொருந்தும். இதன் கட்டுரைகளும் விழா நிகழ்ச்சிகளின் காணொளிகளும் நாளை இணையத்தில் ஏற்றப்படலாம். அவ்வாறு ஏற்றுவோர் எழுத்தைப் படமாக்காது எழுத்தாகவே ஏற்றுவாராக; ஒவ்வொரு காணொளிக்கும் உரிய தமிழ்ப்பெயர் இடுவாராக; மேடையிலே யார் வந்தார், யார் விளக்கேற்றினார், எந்த நாடகம் நடந்தது என்பதை வாயாற் சொல்லும் குரலொன்றையும் சேர்ப்பாராக. விழாவிற்கு வரமுடியாத முதிய மாணவர் பலருக்கு, வயதினாற் கண் மங்கிய இந்நாளில், அக்குரல் பெருந்துணையாகும்.